அப்பா கொடுத்த போல்ட்

திருக்கழுக்குன்றம்
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள ஹெலன் அக்காவுக்கு,

ஜெனி எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் எப்போதும் போல முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா மூன்று முறை கேட்கச் சொன்னாள். மூன்று முறைக்கும் சேர்த்து ஒரே முறையாக எழுதிவிட்டேன்.

உன் மடத்தில் பயிற்சி முடியும்வரை செல்போன் கூடாது என்பதால், ஊரிலேயே தபால்பெட்டியைத் தேடிப் போகும் ஒரே கல்லூரி மாணவி நானாகத்தான் இருப்பேன். பிப்ரவரியில் நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியர் உடை போட்டுவிட்டால் போன் கிடைக்குமாமே. அம்மா இப்போதே காலனி முழுக்க அழைப்பு வைத்துவிட்டாள். இரண்டு வேன் பத்தாது.

இனி என் கதை. போன செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. நம் வீட்டில் அப்படித்தானே சொல்வோம்? ஆஸ்பத்திரி சீட்டில் வலிப்பு என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கல்லூரி முடிந்து மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது வரை ஞாபகம். விழித்தபோது பஸ்ஸின் தரையில் கிடக்கிறேன், கையில் யாருடைய பைக் சாவியோ இருக்கிறது. கீழே இன்னும் இரண்டு சாவிக்கொத்து, ஒரு அரிவாள்மணை. அரிவாள்மணை புதிது, அட்டை கூடப் பிரிக்காதது. சந்தையில் வாங்கிக்கொண்டு வந்த அம்மாள் கொடுத்தாராம். இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று நம் ஆட்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. பைக் சாவிக்காரர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தவித்துக்கொண்டு நின்றார். என் விரலைப் பிரிக்க முடியவில்லையாம்.

என் வகுப்பு மலீஹாதான், மாமல்லபுரத்தில் அவள் அத்தா பேக்கரி வைத்திருக்கிறார் என்று எழுதினேனே, அவள்தான் எல்லோரையும் விலக்கி என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அப்பாவுக்கு வந்த வருத்தமெல்லாம் வேறு. நான் பத்தாவது படிக்கும்போது கம்பெனி லேத்தில் கடைந்து கொண்டுவந்து கொடுத்தாரே, அந்த போல்ட்டைப் பையில் அடியில் வைத்திருந்தேனாம். "மேலாப்புல வெச்சிருந்தா எவன் சாவியும் தேவப்பட்டிருக்காது" என்கிறார். ஜெபமாலைகளோடு சேர்த்துப் பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய போல்ட் அல்லவா.

ஆகஸ்டில் உன்னைப் பார்க்க மாமா மகன் ஜோஷ்வா வருவான். அம்மா முறுக்கு சுடுவாள். வழக்கம்போல எனக்கு உடைந்ததை மட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை அப்பாவே கட்டுவார்.

உன் தங்கை,
ஜெனிஃபர்

*

திண்டுக்கல் அருகிலிருந்து
24 ஜூலை 2024

என் பிரியமுள்ள ஜெனிக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடும் அப்பா அம்மாவோடும் இருக்கட்டும். கடவுள் அருளால் நான் நலம். குளிர் பழகிவிட்டது. அம்மாவிடம் மாடிப்படி ஏறி அரிசி காயவைக்க வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெப நேரத்தில் கூட உன் நினைவாகவே இருந்தேன். விழுந்ததில் அடி எதுவும் படவில்லையே? வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாயா? பரீட்சை என்று கண் விழிக்காதே, பட்டினி கிடக்காதே. இந்த இரண்டும்தான் அதைக் கூப்பிட்டுக்கொண்டு வரும்.

ஒன்றை மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் எங்கள் பயிற்சித் தலைவி சிஸ்டர் ஜெசிந்தா படித்த பிறகுதான் கொடுப்பார். எங்கள் சபையின் ஒழுங்கு அது, குறையாகச் சொல்லவில்லை. வீட்டு விஷயங்களைச் சுருக்கமாக எழுது. நல்ல செய்திகளை விரிவாக எழுது.

தோட்டத்தில் இந்த மாதம் மரவள்ளி நட்டோம். சமையற்கட்டு சாரதாம்பாள் அக்கா, ஐம்பது வயது, எங்கள் எல்லோரையும் விட வேகமாக மண்வெட்டி பிடிக்கிறார்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
ஹெலன்

*

திருக்கழுக்குன்றம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சிஸ்டர் ஜெசிந்தா அவர்களுக்கும் என் வணக்கம், படிக்கிறவரை விசாரிக்காமல் விடுவது மரியாதை இல்லையே.

நல்ல செய்தியை விரிவாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதி மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் நம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் கூட்டம். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசலாம். நான் யார், என் உடம்புக்கு என்ன, எதை மாற்ற வேண்டும், இவ்வளவுதான் விதி. எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. மலீஹா மாதவிடாய் பற்றிப் பேசுகிறாள்; அவள் அத்தா முதலில் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கூட்டத்துக்கு எத்தனை பப்ஸ் வேண்டும் என்று கேட்டார்.

நான் வலிப்பைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். படிக்கிறதைக் கெடுக்கும், கல்யாணத்தைக் கெடுக்கும், அம்மா தலை நிமிர முடியாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "ஏற்கெனவே காலனின்னு ஒரு பேரு கீது நமக்கு. அத்த வெச்சிகினே இவ்ளோ தூரம் வந்துக்கிறோம். இன்னொரு பேரும் எதுக்குமா?"

அப்பா தப்பாகச் சொல்லவில்லை, அக்கா. தாத்தா காலத்தில் நம் ஆட்கள் அடுத்தவன் நிலத்தில் குனிந்த தலை நிமிராமல் நாற்று நட்டார்கள். அப்பா மறைமலைநகரில் கார் பாகம் கடைகிறார். இவ்வளவு தூரம் வந்த பிறகும் விலாசம் கேட்டால் தெருப் பெயரை முழுங்கிவிட்டுச் சொல்கிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெருவை முழுங்கினோம், பிறகு வியாதியையும் முழுங்கினோம். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

நீ என் பக்கம் நிற்பாய் என்று தெரியும். ஆறாவது படிக்கும்போது வாத்தியார் என்னைத் தனியாக உட்கார வைத்தார் என்று பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டவள் நீ. அப்பாவுக்கு இரண்டு வரி எழுது. உன் பேச்சைத் தட்ட மாட்டார்.

உன்,
ஜெனி

*

30 ஆகஸ்ட் 2024
(ஜோஷ்வா கையில் கொடுத்தது)

ஜெனி,

இதை சிஸ்டர் படிக்கவில்லை. காலி முறுக்கு டப்பாவுக்குள் வைத்து ஜோஷ்வாவிடம் கொடுக்கிறேன். பார்வையாளர் நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருக்கிறது. வணக்கம் எல்லாம் சொல்ல நேரமில்லை.

பேசாதே.

இங்கே சேரும்போது ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். உனக்கோ உன் குடும்பத்திலோ காசநோய் உண்டா, மனநோய் உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பங்குச் சாமியாரும் நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டார். வலிப்பு இருக்கிற குடும்பத்துப் பெண்ணைச் சேர்க்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. கேட்கப் பயந்துதான் இல்லை என்று எழுதினேன். பொய் சொல்லி உள்ளே வந்தவள் என்று தெரிந்தால் பிப்ரவரிக்கு முன்பே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

உன் இரண்டு கடிதத்தையும் சிஸ்டர் படித்திருக்கிறார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீ மேடையில் பேசி, அது போன் போனாகப் பரவி, நம் மறைமாவட்டத்தில் யாராவது இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு இந்த வாழ்க்கை வேண்டும் ஜெனி. அப்பாவுக்காகவோ அம்மாவின் இரண்டு வேனுக்காகவோ இல்லை. பதினாலு வயதிலிருந்து எனக்கு வேண்டும். நீ அடுத்த வருடம் பேசு. என் வார்த்தைப்பாடு முடிந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பேசு.

மணி அடித்துவிட்டது.

ஹெலன்

*

திருக்கழுக்குன்றம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல்.

ஜோஷ்வா நீ கொடுத்தனுப்பிய ஊறுகாயைத் தந்தான். காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை எத்தனை நாளாக ஜாடியில் மூடி வைத்திருந்தாய்? மூடி வைத்தால் கெடாது என்று யார் சொன்னது?

பதினைந்து நாளாக யோசித்தேன். பெயரை வாபஸ் வாங்க ஒரு நாள், கூட்டத்துக்குப் பெயர் எடுக்கும் எங்கள் கல்லூரி மேடத்தின் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே முதல் வருடப் பையன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான், பெயர் ரமேஷ். லேபில் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஹாஸ்டல் அறையைக் காலி செய்யச் சொல்லி உடன் தங்கியிருப்பவர்கள் மனு எழுதியிருக்கிறார்கள், தொற்றிக்கொள்ளுமாம். மேடம் மனுவைக் கிழித்துப் போட்டார். ஆனாலும் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

உன் ஊறுகாயைத் தூக்கிப் போடவும் மனம் இல்லை, சாப்பிடவும் முடியவில்லை. உன் பெயரை எங்கேயும் எடுக்க மாட்டேன், எனக்கு அக்கா இருப்பதாகவே சொல்ல மாட்டேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே. கோபமாக இருக்கிறேன், அக்கா. அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டவள் எங்கே போனாள் என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெனிஃபர்

*

திருக்கழுக்குன்றம்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபாலில் தொலைந்துபோயிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பேசிவிட்டேன்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கும். கடல் காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மலீஹா எனக்கு முன்னால் பேசிக் கைத்தட்டு வாங்கிவிட்டுத் தைரியமாக இறங்கி வந்தவள், கீழே வந்ததும் என் துப்பட்டாவில் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். நான் மேலே போனேன். எல்லாம் மறந்துவிட்டது. முதல் வரி மட்டும் இருந்தது.

"என் பெயர் ஜெனிஃபர். என் அப்பா ஸ்டான்லி, அம்மா செங்கம்மாள். எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. நாலும் உண்மை. நாலில் எதற்கும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை."

அதற்குப் பிறகு தானாக வந்தது. பைக் சாவிக்காரர் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். அரிவாள்மணை கதைக்கு இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அப்பாவின் போல்ட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அது என்ன அழகு தெரியுமா உனக்கு, ஆறு முனையும் கண்ணாடி மாதிரி இருக்கும். "இது என் அப்பா தன் கையால் கடைந்தது. அவர் அன்பு முழுக்க இதில் இருக்கிறது. ஆனால் இதற்கு வலிப்பு நிற்காது. நான் விழுந்தால் என் கையில் எதையும் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யுங்கள். விழித்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு அப்போது அதுதான் ஞாபகம் இருக்காது" என்றேன்.

கீழே இறங்கியதும் ரமேஷ் வந்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் முடியும்வரை இருந்தான். பெட்டியைப் பிரித்துவிட்டானாம், மலீஹா சொன்னாள்.

போல்ட்டை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன். மறந்து இல்லை, வேண்டுமென்றேதான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் பேசியதை யாரோ போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். காலனியில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா குழாயடிக்குத் தாமதமாகப் போகிறாள். ஆனால் மேட்டுத்தெரு சின்னராசு அண்ணன் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். ஆறு வருடமாக அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

எனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதை நான் சொல்லவில்லை. பதில் எழுது.

ஜெனி

*

திண்டுக்கல் அருகிலிருந்து
2 நவம்பர் 2024

அன்புள்ள ஜெனிக்கு,

ஆண்டவரின் ஆசீர் உங்கள் எல்லோருக்கும் உரித்தாகுக. நான் நலம்.

உன் கடிதங்கள் கிடைத்தன. இங்கே ஒரு வாரமாக நல்ல மழை. மரவள்ளியில் பாதி அழுகிவிட்டது. கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி தொடங்கிவிட்டோம். இன்று கல்லறைத் திருநாள். நம் தாத்தாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அப்பா கொடுத்ததை மேடையில் விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். அப்படிச் செய்திருக்க வேண்டாம். அப்பாவிடம் சொல்லிவிடு. அது தொலையக் கூடாது.

அம்மாவுக்கு முழங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிடு.

ஹெலன்

*

திருக்கழுக்குன்றம்
24 நவம்பர் 2024

அக்கா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நலமாக இரு.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முந்நூறு பேர் முன்னால் நின்றுவிட்டு வந்திருக்கிறேன், இவள் மரவள்ளி அழுகியதை எழுதுகிறாளே என்று. பிறகு, சொன்னபடி அப்பாவிடம் போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூட வராமல் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். மண்டபத்துக் காவலாளியைப் பிடித்து, மேடையைப் பெருக்கிக் கொட்டிய சாமான்களைக் கிளறி, மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். கையில் போல்ட். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க உட்கார்ந்தார்.

இதற்கு வலிப்பு நிற்காதுப்பா, நான்தான் மைக்கிலேயே சொன்னேனே என்றேன்.

"தெரியும். டாக்டரும் சொன்னாரு" என்றார். "ரெண்டே ரெண்டுதான் கடைஞ்சேன். ஒண்ணு அவ்ளோ தூரம் போயிட்ச்சு. இன்னொண்ணாச்சும் வூட்ல இருக்கட்டும்னுதான் போனேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாய்யா பேசிகினு கீற நீ" என்று ஒரு அதட்டல் போட்டாள். அப்பா துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஆறு வயதில் இரண்டு மாதம் மாமா வீட்டில் இருந்தேன், ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நான் திரும்பி வந்தபோது நீ ஹாஸ்டலுக்குப் போயிருந்தாய். கண் விழிக்காதே, பட்டினி கிடக்காதே என்று ஜூலைக் கடிதத்தில் எழுதினாயே, ஆஸ்பத்திரி சீட்டில் கூட அப்படி எழுதியிருக்காது. முறுக்கு டப்பாவை அப்பா ஏன் யாரையும் தொடவிடாமல் தானே கட்டுகிறார் என்றும் யோசித்தேன்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதுவதை முதலில் யார் படிப்பார் என்று ஞாபகம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டவள் எங்கே போனாள் என்று கேட்டேன். அதை நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடு, அக்கா. பேசியதற்கு இல்லை, அதற்கு இப்போதும் வருந்தவில்லை. உன்னைத் தெரிந்துகொள்ளாமல் உன்மேல் கோபப்பட்டதற்கு.

உன் ஜெனி

*

திண்டுக்கல் அருகிலிருந்து
8 டிசம்பர் 2024, மாதா திருநாள்

மரியாதைக்குரிய சிஸ்டர் ஜெசிந்தா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் என் தங்கைக்கு. ஆனால் எப்படியும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். அதனால் உங்களை முதலில் விளித்து எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். நான் சமையற்கட்டில் இருப்பேன்.

ஜெனி, எனக்கும் வலிப்பு நோய் உண்டு.

பன்னிரண்டு வயதில் வந்தது. உன்னை மாமா வீட்டுக்கு அனுப்பியது அதனால்தான். அப்பா கடைந்த முதல் போல்ட் என்னுடையது. இப்போதும் என் பயிற்சி உடையின் பையில் இருக்கிறது, இடப்பக்கம். மாத்திரை தவறாமல் போட்டால் வராது. மூன்று வருடமாக வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜோஷ்வா கொண்டுவரும் டப்பாவில் மேலே முறுக்கு இருக்கும், கீழே காகிதத்துக்கு அடியில் மாத்திரை இருக்கும். அதைக் குளியலறையில் நின்று விழுங்குவேன், தண்ணீர் கூட இல்லாமல். டப்பாவில் உனக்கு ஒளித்து எழுதிய கடிதத்தில் கூட இதை ஒளித்தேன். உன் வியாதியைக் காரணம் காட்டி என் வியாதியை மறைத்தேன். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அசிங்கமாக இருக்கிறது.

உன் அக்டோபர் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பதில் எழுத உட்கார்ந்தால் மழையும் மரவள்ளியும்தான் வந்தன.

போன புதன்கிழமை காலை சமையற்கட்டில் சாரதாம்பாள் அக்கா விழுந்துவிட்டார். கை கால் இழுத்துக்கொண்டது. எல்லோரும் சாவி சாவி என்று ஓடினார்கள். ஒருத்தி தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பையில் போல்ட் இருக்கிறது, என் கை அங்கேதான் போனது. பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், அவர் முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. கண் திறந்ததும் சாரதாம்பாள் அக்கா, சாரதாம்பாள் அக்கா என்று கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்து அழுதார்.

உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்டார்கள். என் தங்கை எழுதியிருந்தாள் என்றேன். உண்மைதான், அதில் பாதிதான் உண்மை. அவர்கள் என்னைப் பாராட்டினார்கள். சாரதாம்பாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேய் புடிச்சவன்னு என்னை நெனைச்சிராதீக கண்ணு" என்றார். அந்த நேரத்தில் கூட எனக்கும் இதுதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிஸ்டர், படிவத்தில் நான் எழுதியது பொய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு இருக்கும் நோய்க்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். பின்வாசல் வழியாக, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டாம். காரணத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போகிறேன். இருக்கலாம் என்றால், என் மாத்திரையை நாளையிலிருந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தண்ணீரோடு விழுங்குவேன்.

ஜெனி, பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் இங்கேதான் இருந்தாள். பையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவ்வளவுதான்.

உன் அக்கா,
ஹெலன்

(அதே தாளின் அடியில், சிவப்பு மையில்)

ஜெனிஃபருக்கு,

உன் அக்கா கேட்டபடி கடைசி வரி வரை படித்தேன். உன் ஜூலைக் கடிதத்திலேயே குடும்பத்தில் நோய் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றதை ஊகித்தேன். அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்கியதை இதில் படித்த பிறகு, நானே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பொய்க் கையெழுத்தை நான் மறைக்க முடியாது. ஜனவரி 18, சனிக்கிழமை, சபையின் ஆலோசனைக் குழு கூடுகிறது. முடிவு அவர்களுடையது, என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை ஹெலன் இங்கேயே இருப்பாள். நேற்றிரவு உணவின்போது உன் அக்டோபர் கடிதத்தை எல்லோர் முன்னிலும் வாசிக்க அனுமதி கேட்டாள். கொடுத்தேன். வாசித்து முடித்ததும் தன்னைப் பற்றியும் சொன்னாள். சாரதாம்பாள்தான் முதலில் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

குடும்பத்தார் வர விரும்பினால் வரலாம்.

சிஸ்டர் ஜெசிந்தா
10 டிசம்பர்

*

திருக்கழுக்குன்றம்
29 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் ஜெசிந்தா அவர்களுக்கும், என் அக்கா ஹெலனுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் உட்பட. பதினெட்டாம் தேதிக்குப் படி ஏற வேண்டும் என்று தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள்.

உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். அம்மா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா அழவில்லை. அந்தப் படிவத்தைப் பற்றிய வரியை மறுபடி படி என்றார். படித்தேன். இன்னொரு தரம் படி என்றார். பிறகு கைகழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

"அம்மா, நான் ஹெலனோட அப்பன் ஸ்டான்லி. அந்த ஃபாரத்துல அவ பேனாவ வெச்சிகினு ரொம்ப நேரம் உக்காந்துகினு இருந்தா. இல்லன்னு போடுன்னு சொன்னது நானு. அவ கையெழுத்துதான், ஆனா பொய்யி என்னுது. பதினெட்டாந்தேதி என்னையும் பேச வுடணும். பத்து நிமிசம் போதும். என் பொண்ணுக்கும் அவ்ளோதான் குடுத்தாங்க."

கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில், மூத்த மகளின் வலிப்பு நோய் சம்பந்தமாக என்று என்னைக் கேட்டு எழுதினார். சூப்பர்வைசர் இரண்டாவது மகள் தானே என்றாராம். "ரெண்டு பேருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

குழு என்ன சொன்னாலும் சரி, அக்கா. அனுப்பினால் முன்வாசலில் நாங்கள் நிற்போம், நானும் அம்மாவும் அப்பாவும் மலீஹாவும். சின்னராசு அண்ணன் மகளும் வர வேண்டும் என்கிறாள். ஜோஷ்வா வேன் ஓட்டுகிறான். ஒரு வேன்தான், ஆனால் நிறைந்துவிட்டது.

அம்மா நாளைக்கு முறுக்கு சுடுகிறாள். டப்பாவை இந்த முறை நான் கட்டுகிறேன். மாத்திரையை மேலே வைப்பேன், முறுக்கு கீழே இருக்கும்.

உங்கள்,
ஜெனிஃபர்
காலனி, திருக்கழுக்குன்றம்